ஒரு கைப்பிடி வால்கொழுப்பு

மயோனைஸ் விளம்பரத்தை முழுசாக வெட்டித் தள்ளிய பிறகும் மெல்லுகிற சத்தம் மட்டும் போகவில்லை.

அக்மரால் ஹெட்போனைக் கழற்றிப் பார்த்தாள். வீடு அமைதியாகத்தான் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே செமெய் நகரத்து நவம்பர் மத்தியானம், பாத்திரம் கழுவிய தண்ணீர் நிறத்தில் கிடந்தது. மறுபடி மாட்டினாள். சப், சப், சப். ஈரமான நாக்கு மேலண்ணத்தைவிட்டுப் பிரிகிற சத்தம். வழவழவென்று ஏதோ ஒன்று கடைவாயில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் உருள்கிற சத்தம். நடுநடுவே, வாய் நிறைய வைத்திருப்பவர்கள் மூக்கால் இழுப்பார்களே, அந்த மூச்சு. திரையில் குதிரைகள் மேய்ந்துகொண்டிருந்தன, வெகு தூரத்தில், குன்றுக்கு அந்தப் பக்கம். அவ்வளவு தூரத்தில் மெல்லுகிற குதிரையின் சத்தம் எந்த மைக்கிலும் விழாது.

ஒட்டு, என்று நினைத்துக்கொண்டாள். டிவியிலிருந்து டிவிடியில் பதிந்த நிகழ்ச்சியை நினைத்த இடத்தில் வெட்ட முடியாது. ஓடுகிற படங்களில் பலவும் அரைகுறை; அங்கங்கேதான் ஒன்று முழுசாகப் பதிவாகியிருக்கும். அதில்தான் கத்தி இறங்கும். அதனால் விளம்பரத்தின் வால் அரை நொடி, ஒரு நொடி ஒட்டிக்கொண்டு வருவது உண்டு. அவளுக்குத் தெரியாததா? கொரியத் தொடர்களையெல்லாம் வீட்டு ரிக்கார்டரில் பதிந்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, விளம்பரத்தைப் பொறுக்கி எடுத்துவிட்டு, எங்கள் படிக்கட்டு வீடுகள் முழுக்கச் சுற்றுக்கு விடுகிறவள் அவள்தான். எங்கள் கட்டடத்துப் பெண்கள் பாதிப்பேர் அழுததே அவள் வெட்டிக் கொடுத்த டிவிடியைப் பார்த்துத்தான்.

வெட்டுவதில் அவளுக்கு ஒரு தனி சுகம். அது அவள் சுபாவம். நகரத்து மருத்துவமனை ஒன்றின் ஆய்வகத்தில் வேலை. ஊரார் டப்பாவிலும் குப்பியிலும் கொண்டுவந்து நீட்டுவதையெல்லாம் முகம் மாறாமல் கண்ணாடித் துண்டில் தடவிப் பார்ப்பாள். ஆனால் மனிதர்கள் சாப்பிடுவதைப் பார்க்க மட்டும் அவளால் முடியாது. அவள் வீட்டுக்கு டீ குடிக்கப் போயிருக்கிறீர்களா? நாம் குடித்த கிண்ணத்தை விளிம்பு படாமல் அடியைப் பிடித்து எடுத்துப் போவாள். நாம் படியிறங்கி முடிப்பதற்குள் உள்ளே கெட்டில் கொதிக்கும் சத்தம் கேட்கும். இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த மாமனார்தான் குதிரைக்காரப் பெரியவர்.

அந்த வீட்டு வழக்கப்படி மருமகள் மாமனாரின் பெயரை வாயால் சொல்வதில்லை. கம்ப்யூட்டரில்கூட அக்மரால் அந்தக் கோப்புக்குப் 'பெரியவர்' என்றுதான் பெயர் வைத்திருந்தாள்.

நிகழ்ச்சி வேறொன்றுமில்லை. பெரியவருக்கு எண்பது வயது ஆனபோது உள்ளூர் சேனல்காரர்கள் வந்து எடுத்த அரைமணி நேரப் படம். ஆயுள் முழுக்கக் குதிரை மேய்த்தவர், மெடல் வாங்கியவர், இப்போது மகன் மெய்ராம் வீட்டில் நகரத்து ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறவர் என்று. பிறந்தநாள் விருந்தையும் எடுத்தார்கள். ஒளிபரப்பான அன்றைக்கு மெய்ராம் ரிக்கார்டரை ஓடவிட்டுப் பதிந்துகொண்டான். அந்த வாரமே பெரியவர் போய்ச் சேர்ந்தார். இப்போது வருஷம் திரும்பிவிட்டது. சனிக்கிழமை வருஷ நினைவு விருந்து. காஃபே ஹாலில் பெரிய திரை கட்டி, சொந்தபந்தம் அத்தனையும் உட்கார்ந்திருக்க, அந்தப் படத்தைப் போடுவதென்று பெரியவரின் மூத்த மகள் சௌரே முடிவு செய்துவிட்டாள். அவள் முடிவு செய்ததைத் தம்பி மெய்ராம் இதுவரை மாற்றியதில்லை.

விளம்பரத்தை எடுத்துக் கொடுக்கும் வேலையை அக்மரால் தானாகவே வாங்கிக்கொண்டாள். ஆகா, என்ன பொறுப்பான மருமகள் என்று எல்லோரும் சொன்னார்கள். ஏன் வாங்கிக்கொண்டாள் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

விருந்து முடியும் நேரத்தில் பெரியவர் எழுந்து நின்று, மிச்சமிருந்த கறியையும் செம்மறியின் வால்கொழுப்பையும் தட்டிலிருந்து கைநிறைய அள்ளி, வரிசையாக உட்கார்ந்திருந்த இளையவர்கள் வாயில் தன் கையாலேயே திணித்தார். எங்கள் பக்கத்தில் அது பெரிய மரியாதை. கொடுக்கும் கையில் வயதும் ஆயுளும் இருக்கிறது; வாங்குகிற வாய் சிந்தாமல் விழுங்க வேண்டும். அக்மராலின் முறை வந்தது. அதற்குச் சற்று முன்புதான் பெரியவர் கீழுதட்டுக்குள் அடக்கியிருந்த பச்சைப் புகையிலைத் தூளை அதே கட்டைவிரலால் வழித்து எடுத்ததை அவள் பார்த்திருந்தாள். நடுவில் பிளந்து கறுத்துப்போன நகம். அந்த நகம் அவள் கீழ்ப்பல் வரிசைமேல் உரசிக்கொண்டு உள்ளே வந்தது. வெதுவெதுப்பான, வழுக்குகிற, கையின் சூட்டில் பாதி உருகிய கொழுப்பு வாயை நிறைத்தது. விழுங்கிவிட்டதுபோல் தலையாட்டிவிட்டு, முகத்தைத் திருப்பி, ரோஜாப்பூப் போட்ட காகிதக் கைக்குட்டையில் துப்பி மடித்து, பிறகு படிக்கட்டில் குப்பை போடும் குழாயில் அதைத் தள்ளினாள்.

யாரும் பார்க்கவில்லை என்றுதான் அன்றைக்கு நினைத்தாள். கேமரா பார்த்திருந்தது. ஒளிபரப்பான அன்று அந்த நேரம் பார்த்து எல்லோரும் டீக்கு எழுந்திருந்தார்கள். பிறகு சாவு வந்து யாருக்கும் அதைத் திரும்பப் போட்டுப் பார்க்க மனமில்லை. அவள் மட்டும் ஒருநாள் தனியாகப் போட்டுப் பார்த்தாள். தெளிவாக இருந்தது. அவள் முகம் சுளிப்பது. கன்னம் உப்புவது. காகிதம். எச்சில் நூல் ஒன்று உதட்டிலிருந்து அறுபடாமல் நீள்வது. அவளுக்குப் பின்னால், கையைக்கூடக் கீழே இறக்காமல், அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பெரியவர்.

அது ஹாலில் ஓடினால்? மருமகள் துப்பிய வருத்தத்தில்தான் அப்பா அந்த வாரமே போனார் என்று சௌரே மைக்கில் சொல்வாள். அதன்பிறகு அந்தக் குடும்பத்தில் ஒருவர் அக்மரால் கையால் ஒரு கிண்ணம் டீ வாங்கமாட்டார். மெய்ராம் சத்தம் போடுகிற ஆள் இல்லை. பேசாமல் இருந்தே கொன்றுவிடுவான்.

கதவு மணி அடித்தது.

சௌரே ஒரு கையில் பிளாஸ்டிக் வாளியோடு நின்றாள். வாளியில் குதிரைக்குடல், சாம்பல் நிறத்தில் சுருண்டு, ஓரங்களில் பனி பூத்துக் கிடந்தது.

"கதவத் தொறக்க இவ்ளோ நேரமாம்மா? குடல் வெறச்சுப் போச்சு, கூடவே நானும் வெறச்சுப் போனேன்."

"ஹெட்போன் மாட்டியிருந்தேன் அண்ணி."

"அப்பா படமா? எது வரைக்கும் வந்திருக்கு?"

"விளம்பரத்த எடுத்துட்டிருக்கேன்."

"விளம்பரத்த மட்டும் எடு. எங்கப்பாவ ஒரு பொட்டு எடுத்தேன்னு வையி, உன் கைய எடுத்துருவேன்." சௌரே சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவள் சிரிக்காமல் சொல்வதைவிட இதைத்தான் எல்லோரும் பயந்து கேட்பார்கள். "அதுலயும் அந்த ஊட்டுற இடம் இருக்கு பாரு, வரிசையா எல்லா வாயும் வரணும். அவர் கையால கடைசியா தின்னது அது. ஹால்ல உக்காந்து அவங்கவங்க மூஞ்சிய அவங்கவங்க பாக்கணும். நான் அழுவேன், இப்பவே சொல்லிட்டேன்."

"சரி அண்ணி."

"நீயும் இருக்கே அதுல. எனக்கு அடுத்து நீ, உனக்கு அடுத்து என் பெரியவன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. வாயத் தொறக்குறதுக்கே மகாராணிய அவர் கெஞ்ச வேண்டியிருந்துச்சு!" வாளியை அவள் காலடியில் வைத்தாள். "இத அலசி உப்பு போட்டு வை. மூஞ்சியத் திருப்பிக்காம அலசு, அது ஒண்ணும் உன்ன கடிக்காது."

ஆக, அவளை அந்த வரிசையிலிருந்து மொத்தமாக எடுத்துவிடவும் முடியாது. வாயில் வைக்கிற வரைக்கும் இருக்க வேண்டும். துப்புவது மட்டும் போக வேண்டும்.

வெட்டினாள். முன்னால் ஒரு குறி, பின்னால் ஒரு குறி, நடுவில் இருந்தது மறைந்தது. ஓட்டிப் பார்த்தாள். சௌரேயின் பெரிய வாய். கை. அக்மராலின் சின்ன வாய். கை. அடுத்து சௌரேயின் மகன் வர வேண்டும்.

வரவில்லை. பெரியவர் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார், கையை நீட்டியபடி. கை காலியாக இல்லை.

கேமராக்காரன் இரண்டு முறை எடுத்திருப்பான், என்று அவள் சமாதானம் சொல்லிக்கொண்டாள். அதையும் வெட்டினாள். கீழே நிகழ்ச்சியின் நீளம் காட்டும் எண், குறைவதற்குப் பதில் ஏறியது. இன்னொரு தடவை வெட்டினாள். அது இன்னும் ஏறியது. வெட்ட வெட்டப் பெரியவர் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் வந்துகொண்டிருந்தார். முதலில் மேஜையும் ஆட்களும் தெரிந்தார்கள்; பிறகு அவருடைய தோள்; பிறகு கை மட்டும். விரல் இடுக்குகளில் கொழுப்பு மஞ்சளாக வழிந்து, மணிக்கட்டின் மயிரில் கோத்து, சட்டைக் கைமடிப்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. குவித்த உள்ளங்கையில் இருந்தது கறி மாதிரியில்லை. ஏற்கெனவே யாரோ மென்றதுபோல் நார்நாராக, சாம்பல் பூத்து, ஓரங்களில் நுரையோடு இருந்தது.

திரையில் ஏதோ மங்கலாகப் படிந்திருந்தது. ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாள். பஞ்சில் வெள்ளையாக வழுவழுவென்று ஒட்டியது. விரல் நுனியில் தேய்த்தாள். சூடு பட்டதும் உருகியது, எடுத்ததும் உறைந்தது. வால்கொழுப்பை உலகத்தில் வேறு எந்தக் கொழுப்போடும் சேர்த்துக் குழப்பிக்கொள்ள முடியாது. கம்ப்யூட்டரின் விசிறி வெளியே தள்ளுகிற வெப்பக்காற்றிலும் அதே நாற்றம்தான்: கம்பளிச் சட்டை, புகையிலைச் சாறு, நாள்பட்ட ஆட்டுக்கொழுப்பு. குடல் வாளியிலிருந்து வருகிறது என்று சொல்லிக்கொள்ளலாம். வாளியை அவள் பால்கனியில் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தாள்.

இருட்டும் நேரத்தில் மெய்ராம் வந்தான். தொப்பியைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினான்.

"வால்கொழுப்பு உருக்குறியா?"

"குடல் அலசுனேன்."

"இல்ல, இது வேற." அவன் முகம் இளகியது. "அப்பா வாசன மாதிரி இருக்கு."

அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவள் சட்டென்று பேட்டி எடுக்கிற இடத்துக்கு நகர்த்தினாள். மைக் பிடித்த பெண் எதையோ கேட்க, பெரியவர் பல்லில்லாத வாயால் சிரித்துக்கொண்டு சொன்னார்: "பனிக்காலத்துல பிள்ளைங்க அம்மாவுக்குப் பால் வத்திப் போச்சு. நாந்தான் கறிய மென்னு மென்னு வாய்ல குடுத்தேன். மகளுக்கும் மகனுக்கும் ரெண்டு பேருக்கும். பல்லில்லாதவங்களுக்குப் பல்லிருக்கறவன் மென்னு குடுக்கணும், அவ்ளோதான்."

மெய்ராம் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு திரையைப் பார்த்துச் சிரித்தான். "என்னத்தத் தின்னுட்டிருக்காரு அதுல?"

அவள் விரல் மௌஸிலேயே நின்றது. "உங்களுக்கும் தெரியுதா?"

"தெரியாம? பேசும்போதும் மென்னுட்டேதானே இருக்காரு. நல்லா ரசிச்சு." அவன் தலையை ஆட்டிக்கொண்டான். "பாவம், பல்லுமில்ல. எவ்ளோ நேரமாப் பிடிக்குது பாரு."

அவன் எழுந்து போன பிறகு அக்மரால் படத்தை நிறுத்தி வைத்துப் பார்த்தாள். பாதி திறந்த வாய். உள்ளே நாக்கின்மேல் சாம்பல் நிறக் கவளம். கவளத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. ஊறிக் கிழிந்த காகிதம். இளஞ்சிவப்பு. ரோஜாவின் ஒரு இதழ், கீழுதட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அன்று இரவு பல் தேய்த்தாள். மறுபடி தேய்த்தாள். பல்லின் பின்பக்கம் மெழுகு தடவினாற்போல் ஏதோ படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் சுருண்டு வந்தது. வாய் கொப்பளித்துத் துப்பினாள். வெள்ளை நுரையில் பச்சையாக ஒரு தூள். புகையிலையை அவள் ஜென்மத்தில் தொட்டதில்லை.

மறுநாள் வேலைக்கு லீவு சொன்னாள். மெய்ராம் கிளம்பியதும் திரைச்சீலையை இழுத்துவிட்டு உட்கார்ந்தாள். இனி சௌரே என்ன சொன்னால் என்ன? ஊட்டுகிற காட்சியை மொத்தமாகவே எடுத்துவிடுவது. டிவிடி அந்த இடத்தில் கீறியிருந்தது, கம்ப்யூட்டர் படிக்கவில்லை என்று சத்தியம் செய்துவிடலாம். யாருக்குத் தெரியப் போகிறது?

காட்சி முழுவதையும் தூக்கினாள். மிச்சத்தைப் புது டிவிடியில் எழுதினாள். கம்ப்யூட்டரை நம்பாமல், கூடத்து டிவியில் போட்டுப் பார்த்தாள்.

முதலில் குன்று வந்தது. குதிரைகள் இல்லை. புல்வெளியின் நடுவில் பெரியவர் நின்றுகொண்டிருந்தார். தூரத்தில். மென்றுகொண்டு.

அடுத்தது மெடல்கள். கேமரா மெதுவாக ஒவ்வொன்றாகக் காட்டியது. ஓரத்தில் ஒரு தாடை. மேலே போயிற்று, கீழே வந்தது.

அடுத்தது ஜன்னலோரம். இதே கூடம். இதே நாற்காலி. அவளுக்குத் திரும்பிப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. திரும்பவில்லை.

மைக் பிடித்த பெண் கேட்டாள்: "எல்லாத்தையும் பாத்துட்டீங்க தாத்தா. இன்னும் என்ன மிச்சம் இருக்கு?"

பெரியவர் கேமராவைப் பார்த்தார். கவளத்தைக் கன்னத்துக்குள் ஒதுக்கினார். கன்னம் உப்பியது. அன்றைக்கு அக்மராலின் கன்னம் உப்பிய அதே இடத்தில்.

"ஒரு வாய் மிச்சம் இருக்கு," என்றார். "எம் மருமகளுக்கு மெல்ல வரல. மென்னு வச்சிருக்கேன்."

உதட்டைப் பிரித்தார். நாக்கால் அதை முன்னால் தள்ளினார். குவித்த கையில் வழிய வைத்தார்.

ஒரு வருஷமாக மென்றது.

அக்மரால் ரிமோட்டைத் தேடவில்லை. மின்சாரக் கம்பியையே பிடுங்கினாள். புது டிவிடியை உடைத்தாள். மெய்ராம் பதிந்த பழைய டிவிடியையும் உறையிலிருந்து எடுத்து, கால்மேல் வைத்து, இரண்டாக ஒடித்தாள்; விளிம்பு கையைக் கிழித்தது. கம்ப்யூட்டரிலிருந்து கோப்பை அழித்தாள். அழித்ததையும் அழித்தாள். பிறகு சௌரேவுக்குப் போன் செய்தாள்.

"அண்ணி, ஒரு தப்பு நடந்துபோச்சு. டிவிடி கைதவறி விழுந்து..."

"எந்த டிவிடி?"

"அப்பாவோடது. உடஞ்சிருச்சு. கம்ப்யூட்டர்லயும் எதுவும் மிச்சமில்ல."

அந்தப் பக்கம் சிரிப்பு. "அடி பைத்தியமே, இதுக்கா மூச்சு வாங்குறே? நேத்து நீ தூங்கினப்புறம் மெய்ராம் அத அப்படியே ஒரு டிவிடில எழுதிட்டான். காலைல எங்கிட்ட குடுத்துட்டுத்தான் வேலைக்கே போனான். விளம்பரத்தோட இருக்காம், இருந்துட்டுப் போகுது. ஒரு பொட்டுகூட வெட்டல, முழுசா இருக்கு. நீ அழாத."

முழுசா. வெட்டாமல். அவள் துப்புவது உட்பட.

சனிக்கிழமை மத்தியானம் காஃபே ஹாலில் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. முல்லா ஓதி முடித்ததும் எல்லோரும் முகத்தில் கையைத் தடவிக்கொண்டார்கள். குதிரைக்கறித் தட்டுகள் வந்தன, ஆவி பறந்தது, ஹால் முழுக்கத் தாடைகள் அசைந்தன. அக்மரால் தன் தட்டைத் தொடவில்லை. மேஜைக்கடியில் கைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. எழுந்து ஓடலாம் என்று பார்த்தாள். ஒரு பக்கம் மெய்ராம். மறுபக்கம் சௌரே, மைக்கோடு.

"இப்ப எங்கப்பா வந்து உங்களோட உக்காருவாரு," என்றாள் சௌரே. திரைச்சீலைகளை இழுத்தார்கள்.

குன்றும் குதிரைகளும் மெடல்களும் எல்லாம் சரியாக, இருந்தபடியே வந்தன. பெரியவர் மெல்லவில்லை. மயோனைஸ் விளம்பரம் வந்தபோது ஹாலே சிரித்தது. "இந்த மயோனைஸையும் அப்பா விருந்துல சேத்துக்கோங்க!" என்று யாரோ கத்தினார்கள்.

பிறகு விருந்து. பெரியவர் எழுந்தார். தட்டில் கையை விட்டார்.

வரிசை தொடங்கியது. ஒவ்வொரு வாய்க்கும் ஹாலில் ஒரு குரல், ஒரு சிரிப்பு, ஒரு விம்மல். சௌரேயின் வாய் வந்தபோது சௌரே சொன்னபடியே அழுதாள். அக்மரால் கண்ணை மூடிக்கொள்ள நினைத்தாள். முடியவில்லை.

திரையில் அக்மரால். நீலச் சட்டை. வாய் திறந்தது. கை வந்தது. கட்டைவிரல், நகம், கொழுப்பு.

இப்போது முகம் சுளிக்க வேண்டும்.

சுளிக்கவில்லை. திரையில் இருந்தவள் சிரித்தாள். கண்ணை மூடி, தலையை லேசாகச் சாய்த்து, நன்றாக மென்று, சிந்தாமல் விழுங்கினாள். தொண்டை ஏறி இறங்கியது எல்லோருக்கும் தெரிந்தது. ஹாலில் கிழவிகள் 'ஆ' என்றார்கள், திருப்தியாக.

"பாத்தீங்களா!" சௌரே ஈரக் கன்னத்தை அவள் கன்னத்தோடு ஒட்டினாள். "எவ்ளோ ஆசையா வாங்கியிருக்கா! நான்தான் இவள என்னென்னமோ நினச்சேன்."

மெய்ராம் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். இத்தனை வருஷத்தில் நாலுபேர் முன்னால் அவன் பிடித்ததே இல்லை.

தப்பித்துவிட்டேன், என்று அவள் நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் வாய் நிறைந்தது.

வெதுவெதுப்பாக. கீழ்ப்பல் வரிசைமேல் எதுவோ கரகரவென்று உரசிக்கொண்டு உள்ளே வந்து, நாக்கை அழுத்தி, இருந்ததை இறக்கிவிட்டு, வெளியே போனது. மென்றது. நன்றாக மென்றது. கூழ். புளித்த கொழுப்பு, இன்னொருவர் எச்சில், புகையிலைச் சாறு. நாக்குக்கு இடமில்லை. மூக்கால்தான் மூச்சு விட முடிந்தது.

ஹால் முழுக்க அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. எல்லா முகத்திலும் அன்பு. சௌரேயின் கண் ஒரு சாண் தூரத்தில். துப்பினால் எல்லோருக்கும் தெரியும்.

விழுங்கினாள்.

மெதுவாக இறங்கியது. இறங்கும் வழியெல்லாம் படிந்துகொண்டு.

"நல்ல மருமக," என்றார் யாரோ.

அடுத்து திரையில் சௌரேயின் மகன் வர வேண்டும். காட்சி மாறவில்லை. திரையில் இருந்த அக்மரால் அதே சிரிப்போடு உட்கார்ந்திருந்தாள். பெரியவர் அவளைவிட்டு நகரவில்லை. ஹாலில் யாருக்கும் அவசரமில்லை. முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொண்டு, அடுத்த வாய்க்காகப் புன்னகையோடு காத்திருந்தார்கள்.

பெரியவரின் கை மறுபடி தட்டுக்குப் போனது. நிதானமாகத் துழாவி, கைநிறைய அள்ளிக்கொண்டு நிமிர்ந்தது. திரையில் இருந்தவள் வாயைத் திறந்தாள். அக்மரால் பல்லைக் கடித்துக்கொண்டு, உதட்டை இறுக்கி, இரண்டு கையாலும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய தாடை, மெல்ல, தானாக இறங்க ஆரம்பித்தது.